போதகரின் தவறும் என் கைக்கு வந்த கடிதமும்: தாவீதைப் போல நடப்பது என்றால் என்ன?

கேள்வி – எழுதியவர்: ஒலிவக்கிளை

சகோதர சகோதரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் எங்கள் சபையின் செயற்குழுவில் ஆறு ஆண்டுகள் பணி செய்தவன். கட்டட நிதியின் கணக்கு இரண்டு ஆண்டுகளாகத் தணிக்கை செய்யப்படவில்லை என்பதைக் கவனித்து, முதலில் போதகரிடம் தனிமையிலும், பதில் கிடைக்காததால் பின்னர் குழுவிலும் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர், மோசேயை எதிர்த்துக் கிளம்பிய கோராகின் கலகத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். என் பெயரை அவர் சொல்லவில்லை என்றாலும், யாரைக் குறித்துப் பேசுகிறார் என்பது ஆராதனையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்" என்ற வசனத்தை மூன்று முறை வாசித்தார். அதன்பின் வந்த தேர்தலில் நான் குழுவில் இல்லை. ஞாயிறு பள்ளியில் என் மனைவி நடத்திவந்த வகுப்பும் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். என் வீட்டில் இருந்த பழைய குழுக் கோப்புகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒழுங்குபடுத்தியபோது, அவற்றுக்கிடையே போதகருடைய சொந்தக் கடிதம் ஒன்று கிடைத்தது. அது என்ன என்று புரிவதற்குள் இரண்டு பத்திகளை வாசித்துவிட்டேன். கணக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய குடும்பத்தில் உள்ள ஒரு துயரத்தைப் பற்றியது. ஆனால் வெளியே தெரிந்தால் அவரால் மறுபடியும் மேடையில் நிற்க முடியாது. அந்த நேரத்தில் இருந்த மனநிலையில் கைப்பேசியில் அதைப் படம் எடுத்தும் வைத்தேன்.

என்னோடு குழுவில் இருந்த நண்பர் ஒருவரிடம், விவரம் சொல்லாமல், ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "கர்த்தர் உங்கள் சத்துருவை உங்கள் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார், பயன்படுத்துங்கள்" என்றார் அவர். மூப்பர் ஒருவரோ, "தாவீது சவுலைத் தொடவில்லை, நீங்களும் கணக்கு, கடிதம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அமைதியாயிருங்கள்" என்றார். தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவாகிய சவுலைத் தாவீது கொல்லாமல் விட்ட 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தையே இருவரும் காட்டுகிறார்கள். நான் அந்த அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்தும் எனக்குத் தெளிவு வரவில்லை. குற்றமுள்ள ஒரு தலைவரை மதிப்பது என்றால் அவருடைய குற்றத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதா? பகைவனுக்கு இரக்கம் காட்டுவது என்றால் ஒன்றும் நடக்காததுபோல அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருவதா? வேதத்தை ஆழ்ந்து வாசிப்பவர்கள் உதவ வேண்டும்.

---

மறுமொழி 1 – எழுதியவர்: மேய்ச்சல்நிலம்

அன்புள்ள சகோதரரே, வேதாகம வகுப்புகளில் இந்த அதிகாரத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நண்பரும் மூப்பரும் ஆளுக்கொரு பாதியை வாசித்திருக்கிறார்கள்.

நண்பருடைய வார்த்தை அப்படியே கெபிக்குள் (குகைக்குள்) இருந்த தாவீதின் மனுஷருடைய வார்த்தை. சவுல் 3000 பேரைக் கூட்டிக்கொண்டு எங்கேதியின் வனாந்தரத்தில் தேடிவருகிறான். தாவீது ஒளிந்திருக்கும் அதே கெபிக்குள் தனியாக நுழைகிறான். இது கர்த்தர் கொடுத்த நாள் என்று மனுஷர் சொல்கிறார்கள். சூழ்நிலை எவ்வளவு பொருத்தமாக அமைந்தாலும், அதுவே கர்த்தருடைய கட்டளை ஆகிவிடாது என்பதைத் தாவீது அந்த இருட்டில் உணர்ந்துகொள்கிறான். கொல்லவில்லை, ஆனால் சவுலுடைய சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறான். அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது என்று வேதம் சொல்கிறது. நீங்கள் எடுத்த படம் அந்தத் தொங்கல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் குறித்து நீங்கள் கேட்காமலே எழுதியிருப்பது, உங்கள் மனதும் அடித்துக்கொள்வதால்தானே?

இனி மூப்பருடைய பாதி. சவுல் கெபியை விட்டுப் போன பிறகு தாவீது மௌனமாக இருந்துவிடவில்லை. வெளியே வந்து, "ராஜாவாகிய என் ஆண்டவனே" என்று கூப்பிட்டு, முகங்குப்புற விழுந்து வணங்குகிறான். அந்த வணக்கத்துக்குப் பிறகு அவன் பேசுவது, ஓர் அரசனுக்கு முன்பாக, அவனுடைய படை கேட்க வைக்கப்படும் குற்றச்சாட்டு: நான் உமக்குத் தீங்கு செய்யவில்லை, நீர் என் பிராணனை வாங்க அதை வேட்டையாடுகிறீர், கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுவே நியாயம் விசாரிப்பாராக. 'என் தகப்பனே' என்ற சொல்லும் இந்தக் குற்றச்சாட்டும் ஒரே பேச்சில் வருகின்றன. மரியாதையும் உண்மையும் ஒன்றையொன்று விலக்கும் என்று நினைக்கும் நமக்கு, இந்தப் பேச்சை மெதுவாக வாசிப்பது பயனளிக்கும்.

அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பெரும்பாலும் யாரும் பிரசங்கிப்பதில்லை. சவுல் சத்தமிட்டு அழுகிறான், தாவீதை நீதிமான் என்கிறான், தன் சந்ததியை அழிப்பதில்லை என்ற ஆணையையும் வாங்கிக்கொள்கிறான். அதன்பின் சவுல் தன் வீட்டுக்குப் போகிறான். தாவீதோ அரணான இடத்துக்கு ஏறிப்போகிறான். அவன் சவுலோடு அரண்மனைக்குத் திரும்பவில்லை. 26ஆம் அதிகாரத்தில் இதே கதை இன்னும் கூர்மையாக வருகிறது. தூங்கிக்கொண்டிருந்த சவுலின் ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு, நடுவே மிகுந்த இடைவெளி இருக்கும்படி மலையின் சிகரத்தில் போய் நின்றுதான் தாவீது கூப்பிடுகிறான். சவுல் "திரும்பி வா" என்று அழைக்கிறான். தாவீது ஈட்டியைத் திருப்பிக் கொடுக்கிறான். ஆனால் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறான். தன்னைச் சுவரோடே சேர்த்துக் குத்தும்படி ஈட்டி எறிந்த கையை அவன் மறக்கவில்லை. உங்கள் கடைசிக் கேள்விக்கு இதுவே என் பதில்: இரக்கம் காட்டிய பிறகும் தூரத்தில் நிற்பதற்குத் தாவீதுக்கு இடமிருந்தது, உங்களுக்கும் இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே 25ஆம் அதிகாரம் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நாபால் என்ற செல்வந்தன் அவமதித்துப் பேசியதற்காக அதே தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். சவுலைத் தப்பவிட்டவன், ஆட்டுமயிர் கத்தரிக்கிற ஒருவனுடைய வீட்டார் முழுவதையும் அழிக்கப் போகிறான். நாபாலின் மனைவி அபிகாயில் எதிரே வந்து, வீணாக இரத்தம் சிந்திய மன இடறல் நாளைக்கு உமக்கு இருக்க வேண்டாம் என்று சொல்லித் தடுத்திராவிட்டால் அது நடந்திருக்கும். இரக்கம் தாவீதின் பிறவிக் குணமாக இருக்கவில்லை. அவனுக்கும் வழியில் ஒருவர் குறுக்கே நிற்க வேண்டியிருந்தது. நீங்கள் படத்தை யாருக்கும் அனுப்புவதற்குமுன் இங்கே வந்து கேட்டதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

மறுமொழி 2 – எழுதியவர்: அகல்விளக்கு

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. 'தொடாதிருங்கள்' என்ற வசனத்தைக் குறித்து மட்டும் நான் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அந்த வசனத்தால் வாயடைக்கப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான்.

சங்கீதம் 105ஐ 12ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அங்கே அபிஷேகம்பண்ணினவர்கள் என்று சொல்லப்படுபவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். அவர்கள் கொஞ்சத் தொகைக்குட்பட்டவர்கள், பரதேசிகள், ஒரு ஜனத்தை விட்டு மறு ஜனத்தண்டைக்கு அலைந்தவர்கள். யாரை நோக்கி இந்த எச்சரிக்கை? ராஜாக்களை நோக்கி. ராஜாவாகிய அபிமெலேக்கு ஆபிரகாமின் மனைவி சாராளை அழைத்துக்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். பலமுள்ளவன் பலவீனனைத் தொடக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டதை, பலவீனன் பலமுள்ளவனிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக எடுத்தாளும்போது, வசனம் முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கை நடுங்குகிறது.

மூப்பர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 5 தெளிவாகவே பேசுகிறது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு எதிரான குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ளாதே என்கிறார் பவுல். இது மூப்பனுக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு. அதற்கு அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்கிறவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார். இது சபைக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு. எனவே, சகோதரரே, கணக்கை மறக்க வேண்டாம். அது உங்கள் சொந்தப் பகை இல்லை. விதவைகளும் கூலிவேலை செய்பவர்களும் காணிக்கைப் பெட்டியில் போட்ட பணம். உங்களுக்கு நேர்ந்த அவமானத்தை நீங்கள் மன்னிக்கலாம். அவர்களுடைய பணத்தை அவர்களுக்குப் பதிலாக மன்னித்துவிட உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை.

தாவீதும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தான். ஆசாரியர்களின் ஊரான நோபில், சவுலின் கட்டளைப்படி தோவேக்கு என்பவன் 85 ஆசாரியர்களைக் கொன்றபோது, அங்கிருந்து தப்பிவந்த அபியத்தாரிடம் "சவுலை மன்னித்துவிடு" என்று தாவீது சொல்லவில்லை. என் நிமித்தமே இது நடந்தது என்று தன் பங்கை ஒப்புக்கொண்டு, என்னோடே இரு, பயப்படாதே, என் ஆதரவிலே காக்கப்படுவாய் என்று சொன்னான்.

---

மறுமொழி 3 – எழுதியவர்: ஒலிவக்கிளை

இருவருக்கும் நன்றி. தொங்கலைப் பற்றிய பகுதியை வாசித்ததும் படத்தை அழித்துவிட்டேன். ஆனால் மனதுக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. என் இரு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் இந்தப் போதகர். என் தாயாரின் கடைசி இரவில் வந்து ஜெபித்தவரும் அவரே. இப்போது அந்த ஜெபத்தை நினைத்தாலும் அது பொய்யாக இருந்திருக்குமோ என்ற எண்ணம் வருகிறது. இரக்கத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்: அவரை நேசிக்கிற உணர்வு எனக்குள் துளியும் இல்லை. இல்லாததை உண்டென்று நடிப்பதா?

---

மறுமொழி 4 – எழுதியவர்: பழையசுவடி

சகோதரரின் முதல் கவலை திருச்சபையில் மிகப் பழையது, அதற்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் சபை பிளவுபட்டும் இருந்தது. 303ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் வேத புத்தகங்களை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டபோது, வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் பயந்து அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். உபத்திரவம் முடிந்த பிறகு, அப்படிக் கொடுத்தவர்களுடைய கையால் நடந்த அபிஷேகமும் ஞானஸ்நானமும் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. செல்லாது என்றவர்கள் டொனாட்டஸ் என்பவரின் பெயரால் தனிச் சபையானார்கள். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் அவர்களுக்குப் பல ஆண்டுகள் பதில் எழுதினார். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்துவே, ஊழியன் அவருடைய கருவி மட்டுமே, ஆகவே ஊழியனுடைய பாவம் கிறிஸ்துவின் ஈவைக் கெடுத்துவிடாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். உங்கள் தாயாரின் கட்டிலருகே செய்யப்பட்ட ஜெபத்தைக் கேட்டவர் கர்த்தர். அது பொய்யாகவில்லை, ஐயா.

ஆனால் இதே உண்மையைச் சிலர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ஊழியன் எப்படி இருந்தாலென்ன, ஊழியம் நடக்கிறதே என்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளில் 26ஆவது கோட்பாடு இதற்கு நல்ல மறுப்பு. தீய ஊழியர் நடத்தினாலும் திருவிருந்து முதலியவை பயனற்றுப்போவதில்லை என்று சொல்லும் அதே கோட்பாடு, அத்தகைய ஊழியரைக் குறித்து விசாரணை நடக்க வேண்டும், அவர்களுடைய குற்றத்தை அறிந்தவர்கள் முறையிட வேண்டும், குற்றம் நிரூபணமானால் நியாயமான தீர்ப்பின்படி அவர்களை நீக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் சொல்பவர்களிடம் மறுபாதியையும் வாசிக்கக் கேளுங்கள்.

அகஸ்டினைப் பற்றிச் சொன்னதால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 411இல் கார்த்தேஜில் நடந்த மாநாட்டுக்கு முன்பே அவர், அந்தப் பிரிவினரை அரசின் அதிகாரத்தால் வற்புறுத்தித் திருப்புவதை ஆதரிக்கத் தொடங்கியிருந்தார். ஊழியரின் குறையைக் குறித்து இவ்வளவு தெளிவாக எழுதியவர், எதிர்த்தரப்புக்கு இரக்கம் காட்டும் இடத்தில் சறுக்கினார். இது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. தாவீதும் அப்படித்தான். தன்னைத் தூஷித்துக் கல்லெறிந்த சீமேயி என்பவனைத் தன் படைத்தலைவரில் ஒருவனான அபிசாய் கொல்லத் துடித்தபோது தடுத்து, பிறகு உயிர்தப்புவாய் என்று ஆணையும் இட்டான். மரணப் படுக்கையிலோ, அவனுடைய நரைமயிரை இரத்தத்தோடே பாதாளத்தில் இறங்கப்பண்ணு என்று தன் மகன் சாலொமோனிடம் சொல்லிவிட்டுப் போனான். நாம் தாவீதிடம் இரக்கத்தைக் கற்கும்போது, குறையுள்ள ஒரு தலைவரிடமிருந்தே அதைக் கற்கிறோம்.

---

மறுமொழி 5 – எழுதியவர்: ஊற்றங்கரை

நேசிக்கிற உணர்வு இல்லையே என்ற கேள்விக்கு மட்டும் என் சிறிய பங்கு.

யாத்திராகமம் 23இல் ஒரு கட்டளை இருக்கிறது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடே விழுந்து கிடக்கக் கண்டால், அதை அப்படியே விட்டுப்போகாமல் உதவி செய். அவனை நேசித்துவிட்டு வந்து கழுதையைத் தூக்கு என்று அங்கே சொல்லப்படவில்லை. பகை தீராமல் இருக்கும்போதே சுமையை இருவரும் சேர்ந்து தூக்கலாம். சாட்டையால் அடிக்காமலாவது இருக்கலாம். அந்தக் கடிதத்தில் இருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சுமையோடே விழுந்து கிடக்கிற ஒரு குடும்பம். அதை வெளியிடாமல் இருப்பதே இன்றைக்கு உங்களால் செய்ய முடிந்த உதவியாக இருக்கலாம். உணர்வு பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். "உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள்" என்று ஆண்டவர் சொன்னதும் ஒரு செயலைத்தான்.

தீர்க்கதரிசியாகிய எலிசா பகைவரான சீரியப் படையைச் சமாரியாவுக்குள் கொண்டுவந்து விட்டபோது, வெட்டட்டுமா என்று இரண்டு முறை கேட்ட இஸ்ரவேலின் ராஜாவிடம், அவர்களுக்கு அப்பமும் தண்ணீரும் வைத்து அனுப்பச் சொன்னான். ராஜா பெரிய விருந்தே செய்து அனுப்பினான். அந்தக் கொள்ளைக்கூட்டங்கள் பிறகு இஸ்ரவேலின் எல்லைக்குள் வரவில்லை என்று 2 இராஜாக்கள் 6 சொல்கிறது. உங்கள் போதகர் மாறுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சவுல் ஒருமுறை அழுதும், மறுமுறை பாவஞ்செய்தேன் என்று சொல்லியும் மாறவில்லை.

கணக்கைக் கேட்கும் கடிதத்தில் வார்த்தைகளைப் பார்த்து எழுதுங்கள். பவுல் பிரதான ஆசாரியனை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று சொல்லிவிட்டு, அவன் யார் என்று தெரிந்ததும், ஜனத்தின் அதிபதியைத் தீதுசொல்லாயாக என்ற நியாயப்பிரமாணத்தை நினைத்துப் பின்வாங்கினார். ஆனால் நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாகத் தன்னை அடிக்கச் சொன்னார்கள் என்ற முறையீட்டை அவர் திரும்பப் பெறவில்லை. வசைச்சொல்லை மட்டுமே விட்டுவிட்டார்.

---

மறுமொழி 6 – எழுதியவர்: ஒலிவக்கிளை

எல்லோருக்கும் மீண்டும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, முன்பு எனக்கு அமைதியாயிருக்கச் சொன்ன அதே மூப்பரிடம் கொடுத்தேன். இதில் இரண்டு பத்திகள் வாசித்துவிட்டேன், ஒரு படமும் எடுத்து அழித்துவிட்டேன், யாரிடமும் விவரம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்று தனியே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அதோடு வைத்தேன். போதகரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர் எதிரில் நின்றால் என் வாயிலிருந்து வேறு எதுவும் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. ஈட்டியை வாங்கிக்கொள்ள வாலிபன் வரட்டும் என்ற வசனம் அந்தத் தயக்கத்துக்கு ஆறுதலாக இருந்தது.

கணக்கைப் பற்றிய விண்ணப்பத்தைத் தனியாக எழுதினேன். இரண்டு ஆண்டுகளின் தணிக்கை மட்டும் கேட்கப்பட்டிருக்கிறது. முதல் வரைவில் மூன்று கடுமையான சொற்கள் இருந்தன. என் மனைவி அவற்றை அடித்துவிட்டாள். என்னோடு இன்னும் இரண்டு சபையார் கையொப்பமிட்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் காணிக்கை எண்ணும் குழுவில் இருந்தவர்.

உறையைப் பெற்றுக்கொண்டபோது போதகர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை என்று மூப்பர் சொன்னார். விண்ணப்பம் அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாங்கள் தற்போது ஆராதனைக்கு வேறொரு சபைக்குப் போய்வருகிறோம்.